ஒரு மாப்பிள்ளை, மூணு பேர்

“அட்மின் பாஸ்வேர்டைக் குடுங்க சார்.”

கோதண்டபாணியின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. திண்டிவனத்தில் அவர் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் அவர் சொல்லும் முதல் விதி, அதை மட்டும் கேட்கக் கூடாது என்பதுதான். கலையரசி கேட்டேவிட்டாள். காணை கிராமத்திலிருந்து வருகிறவள், வீட்டில் முதல் பட்டதாரி, வாயை அடக்கத் தெரியாதவள்.

“இன்னாத்துக்கு?”

“டேட்டாபேஸை நீங்க தொறந்தா நாங்க நாலு பேரும் சும்மா குந்திக்கினு இருக்கோம். கிருஷ்ணவேணி தொறந்தா பாஞ்சாலியக்கா குந்திக்கினு இருக்காங்க. ‘யக்கா, மூடு... ஜல்தி மூடு’ன்னு கத்தறதுதான் நாள் பூரா வேலை.”

“அதான் பாஞ்சாலியை இந்த மாசத்தோட நிறுத்தறேன்னு சொல்லிட்டேனே. ஒரு நாளைக்கு ஆறு ஜாதகம் ஏத்தறாங்க.”

மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் பாஞ்சாலி தலை நிமிரவில்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

“ஏத்த விட்டாத்தானே சார் ஏத்துவாங்க? அவங்க கை ஸ்லோ இல்ல, ஃபைல் பூட்டிக்கினு இருக்குது. மல்டி யூசர் போட்டுட்டா எல்லாரும் ஒரே நேரத்துல தொறக்கலாம்.”

“எல்லாரும் ஒண்ணா தொறந்தா ஜாதகம் கலந்துடும்மா! ரிஷப ராசிக்காரன் கட்டத்துல மகரம் போய் ஒட்டிக்கும். பேஜாரு.”

“கலக்கறதுக்கு அது இன்னா சார், சாம்பாரா?”

கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள். அம்சவள்ளி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

“சாயங்காலம் வரைக்கும் டைம். ஒண்ணு கலந்தாலும் பாஞ்சாலியோட நீயும் கெளம்பிடணும்,” என்றவர், பாஸ்வேர்டை அவள் காதோரம் முணுமுணுத்தார்.

கலையரசி அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ஃபைலை அவர் கம்ப்யூட்டரில் வைத்து, ‘ஒருவர் மட்டும்’ என்றிருந்த அனுமதியை எல்லோருக்குமாக மாற்றினாள். யூசர் பெயர்களை அடித்தாள். பெயருக்கு ஒரு பாஸ்வேர்டு. மேசைக்கு மேசை ஓடினாள்.

“இப்பத் தொறங்க... மூணு பேரும்!”

டப்பா மானிட்டர்கள் ஒரு கணம் யோசித்தன.

“எனக்குச் செஞ்சிக்கார மாப்பிள்ளை வந்துட்டாரு!” அம்சவள்ளி கத்தினாள்.

“எனக்கும் அவருதான்டி!” கிருஷ்ணவேணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“அட கருமமே, எனக்கும் அதே ஆளு,” என்றாள் பாஞ்சாலி. “ஒருத்தனை மூணு பேரு பாக்கறோமே!”

“பாக்கறது எத்தினி பேரு வேணாலும் பாக்கலாம்க்கா. திருத்தறதுதான் ஒருத்தரு. நீங்க கை வச்சிருக்கறவரைக்கும் அவரு உங்களுக்குத்தான்!”

சிரிப்பில் அறை அதிர்ந்தது.

மாலைக்குள் பாஞ்சாலி மட்டும் நாற்பது ஜாதகம் ஏற்றியிருந்தாள். பத்து நாளாய்த் தேங்கிக் கிடந்த கட்டு காலி. கோதண்டபாணி ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார். ரிஷபம் ரிஷபமாகவே இருந்தது.

“சபாஷ் கலை! பிரமாதம்! விழுப்புரம் பிராஞ்சுக்கும் இதையே போட்டுடலாம்.” தாடையைத் தடவினார். “ஆனா இந்த வேகத்துக்கு இங்க நாலு பேரு எதுக்கு? மூணு பேரு போதுமே.”

அவர் பார்வை மறுபடி மூலைக்குப் போனது. பாஞ்சாலியின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன.

“வேலை முடிஞ்சதும் தலையை எண்ணுவீங்கன்னு தெரியும் சார்,” என்றாள் கலையரசி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. “அதான் நீங்க எண்ணறதுக்கு முன்னாடி நானே எண்ணிட்டேன்.”

அவள் படியிறங்கும் சத்தம் கேட்க, கோதண்டபாணி குழப்பத்தோடு யூசர் பட்டியலைத் திறந்தார்: பாஞ்சாலி, கிருஷ்ணவேணி, அம்சவள்ளி.

நாலாவதாகத் தன் பெயரை அவள் அடிக்கவேயில்லை.