காலனிக்கு ஒரு கோடு

"நம்ம கம்பெனி டிசைனை வெளியே விக்கிறாங்க சார்!"

மேனேஜர் அர்ச்சுனன் ஒரு கம்ப்யூட்டர் பிளாப்பியை முதலாளி ராஜாமணியின் மேசைமேல் வைத்தார். எதிரே பரிதா நின்றிருந்தாள்.

ஓசூரில் சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனி அது. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் போர்டு வரையத் தெரிந்தவள் பரிதா மட்டும்தான்.

"மூணு நாளா சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு வரையுறாங்க. அந்த மாதிரி போர்டுக்கு நம்மகிட்ட ஆர்டரே இல்லீங்க."

"என்னம்மா இது?" ராஜாமணியின் குரல் உயர்ந்தது.

"பிளாப்பியைப் போட்டே காட்டுறேங்க. பார்த்துட்டுத் திட்டுங்க சார்."

பரிதா விறுவிறுவென்று கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

திரையில் ஒரு பெரிய வட்டம். அதிலிருந்து கிளை கிளையாகக் கோடுகள். கோடுகளின் முனையில் புள்ளிகள்.

"வட்டம் நம்மூரு தண்ணி டேங்குங்க. கோடெல்லாம் பைப்பு. புள்ளியெல்லாம் குழாய்."

பரிதாவுக்கும் ராஜாமணிக்கும் ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரே ஊர்.

"வந்திருக்கிறது ரெண்டாயிரம் அடி பைப்பு, காலனிக்கு எட்டாதுன்னு பஞ்சாயத்துல கைய விரிச்சுட்டாங்க. அங்க பொம்பளைங்க குடத்தோட ஒரு மைல் நடக்கறாங்க சார். ஞாயித்துக்கிழமை நானே டேப்பு புடிச்சு அளந்துட்டு வந்தேன். குறைஞ்ச நீளத்துல கோடு இழுக்கறதுதானேங்க இங்க என் வேலை? செம்புக் கோடா இருந்தா என்ன, பைப்பா இருந்தா என்ன?"

"இது போர்டு வரையற புரோகிராம். ஊருக்குத் தண்ணி வுடறதுக்கு இல்ல" என்றார் அர்ச்சுனன்.

ராஜாமணி அவரைக் கவனிக்கவில்லை.

"காலனிக்கு எட்டிச்சா?"

"இல்லீங்க. இன்னும் நூத்தம்பது அடி பைப்பு குறையுது."

ராஜாமணி குனிந்து திரையைப் பார்த்தார். காலனிக்குப் போகிற கோடு ஓரிடத்தில் ஒதுங்கி, பெரிதாகச் சுற்றிக்கொண்டு போனது.

"இங்க எதுக்கு இத்தனை சுத்து?"

பரிதா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது உங்க தக்காளித் தோட்டங்க சார்."

ராஜாமணியின் முகம் சிவந்தது.

"இங்க சேர்ந்து எத்தனை வருசமாச்சு உனக்கு?"

"ரெண்டு வருசங்க."

"கம்பெனி போர்டுல ஒரு கோட்டை இப்படி வளைச்சுக் கொண்டாந்தா விடுவேனா?"

"மாட்டீங்க."

"அப்புறம் என்ன? தோட்டத்துக்குள்ளயே நேரா இழு!"