ஆறுகன்னிமேட்டின் ஏழாவது கல்

ஏழு கன்னிகளில் இளையவள் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பவேயில்லை. அதனால்தான் ஊருக்கு ஆறுகன்னிமேடு என்று பெயர். இது பூசாரி மருதமுத்து சொன்ன கதை. சுரங்கத்துக்காக அந்த ஊரைக் காலி செய்தபோது, கன்னிகளாகக் கும்பிட்ட ஆறு கற்களையும் சுரங்கக் கம்பெனி ஆளாக நான்தான் நின்று எண்ணி லாரியில் ஏற்றினேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ஒரு மேடை கட்டி வைத்தோம். அது எழுபத்தொன்பதில்.

ஐந்து வருஷம் கழித்து ஓர் ஆடி வெள்ளி. கற்களுக்குக் கட்ட என் மனைவி தமயந்தி வழக்கம்போல ஆறு மஞ்சள் துணி கொண்டுபோனாள். ஒன்று குறைந்தது. வரிசையின் கடைசியில் ஏழாவதாக ஒரு சின்னக் கல், சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.

எனக்கு மருதமுத்து மேல்தான் சந்தேகம். ஊரை இழந்தவன், பதிலுக்குக் கிடைத்த சுரங்க வேலையில் இன்னும் பெர்மனென்ட் ஆகாதவன். ஏதோ கிளப்பிவிடப் பார்க்கிறான்.

"நீதானேய்யா கொண்டாந்து வெச்சே?"

"நான் இல்லீங்க. நீங்கதான் வெச்சீங்கன்னு நெனைச்சிகினு இருந்தேன்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அன்றே அந்தக் கல்லைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுபோய், சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரில் போட்டேன்.

அடுத்த வெள்ளி தமயந்தி ஆறு துணியோடு போனாள். ஆறையும் மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தாள்.

"கட்டறதுக்கு அங்க யாருமே இல்லீங்க" என்றாள்.