ஏழாம் நம்பர் ஆள்

"இந்த ஆளைப் பார்க்காம நான் நகரமாட்டேன் சார்!"

ஆராய்ச்சி மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டு மேனேஜர் எதிரில் உட்கார்ந்தே விட்டாள். கம்பெனிகளில் கம்ப்யூட்டர் தகவல் முறை ஏன் சொதப்புகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு மாதமாக இந்த உதிரிபாகக் குடோனைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதற்கு வில்லனும் கிடைத்துவிட்டான்.

"எந்த ஆள்?" என்றார் மேனேஜர். சிரித்தால் வேலை போய்விடும் என்பது போல ஒரு முகம் அவருக்கு.

"ஏழாம் நம்பர்! பதிவுல விழுந்த தப்பெல்லாம் இவர் தலையிலதான். மத்தவங்க எல்லாரும் சுத்தம்."

"அவர் இன்னைக்கு லீவு."

"நேத்து ஷிப்ட் மாத்திட்டார்னீங்க. முந்தாநாள் காய்ச்சல்னீங்க. யாரு சார் இவர், உங்க மச்சானா?"

வெளியே கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. எல்லார் காதும் இங்கேதான்.

"இன்னைக்கே தலைமை ஆபீசுக்கு எழுதறேன். இவரை வீட்டுக்கு அனுப்பினாத்தான் இந்த இடம் உருப்படும்."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அப்படி ஓர் ஆளே இல்லம்மா."

"என்னது!"

"யார் பேர்ல தப்பு விழுதோ அவங்க சம்பளத்துல வெட்டுன்னு மேலிடத்து உத்தரவு. அன்னைக்கே திருத்திட்டாலும் விடமாட்டாங்க. மனுஷன்னா கை தவறாதா? அதான் ஏழாம் நம்பர்னு ஓர் ஆளை நானே கம்ப்யூட்டர்ல சேர்த்துட்டேன். சம்பளமே இல்லாதவன்கிட்ட எதை வெட்டுவாங்க?"

அவள் அசரவில்லை.

"கை தவறினா சரி சார். ஒரு முழு நாள் சரக்குப் பதிவையே ஒருத்தர் அழிச்சிருக்காரே, அதுவும் கை தவறினதா? சுத்தப் பொறுப்பில்லாத்தனம்! அது யாருன்னு சொல்லுங்க. அவரை மட்டும் நான் சும்மா விடமாட்டேன்."

"வேணாம்மா, விட்டுடுங்க."

"சொல்லியே ஆகணும்!"

மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

"தேதியைப் பாருங்க. நீங்க வந்த முதல் நாள். 'நானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கறேனே'ன்னு ஆசையா வந்து உட்கார்ந்தீங்க. நீங்க போனப்புறம், வெளியே இருக்காங்களே, அவங்க எல்லாருமா உட்கார்ந்து அத்தனையும் திரும்ப ஏத்தினாங்க. உங்க பேரைச் சொல்லியிருந்தா மறுநாளே உங்க ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான். அதனால அதையும் ஏழாம் நம்பரே ஏத்துக்கிட்டார்."