பாவாஜி வண்டி

மும்பை தாதர் பார்சி காலனியில் தன் அறுபத்திரண்டாம் வருஷத்துக் காரின் பக்கத்தில் சோலி விறைப்பாக நின்றார். கண் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். மூன்று லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை என்று தீர்மானம்.

"பார்சி பாவாஜிங்க வண்டியைக் குழந்தை மாதிரி வச்சிருப்பாங்கதான். அதுக்காக மூணு லட்சமா?" ஃப்ரேனி குடையால் டயரைத் தட்டினாள். "பெயின்ட் புதுசா இருக்கே. எதை மறைக்க அடிச்சீங்க?"

"கதவுக்கு அடியில கொஞ்சம் துரு, மேடம்."

"மழையில ஒழுகுமா?"

"பின் சீட்டு மட்டும் லேசா நனையும்."

"அப்ப ரெண்டு லட்சம்."

சோலிக்கு வியர்த்துவிட்டது. "ரெண்டு அதிகம், மேடம். ஒண்ணே முக்கால் குடுங்க."

ஃப்ரேனி குடையை ஓங்கித் தரையில் ஊன்றினாள்.

"அட சோலி! கட்டின பொண்டாட்டி கேட்டதுக்கே இப்படி இறங்கினா, நாளைக்கு நிஜமா வாங்க வர்றவனுக்கு வீட்டையும் சேர்த்துக் குடுத்துடுவே! நான் மறுபடி கேட்லேருந்து வர்றேன். நிமிர்ந்து நில்லு."

போனாள், வந்தாள்.

"என்ன பாவாஜி, ஒழுகுற வண்டிக்கா மூணு லட்சம்?"

சோலி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா மேடம். ஒழுகலைன்னா நாலு."