மடியிலிருந்த சுளகு

ஆவுடைத்தாய் பீடி சுற்றும்போது முழங்கால்களை மெல்ல ஆட்டிக்கொண்டேயிருப்பாள். மடியிலிருக்கும் சுளகும் அதிற் குவிந்த புகையிலைத் தூளும் தொட்டில்போல் அசையும். அவளுக்கு மூன்று கருக்கள் ஐந்தாம் மாதத்தைக் காணாமலே கலைந்திருந்தன. நான்காவதற்கு இப்போது நான்கு மாதம். தூளை விட்டு விலகியிருக்குமாறு நர்ஸ் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு மாமியார் உலகாத்தாள் சிரித்தாள்.

“நானும் சுத்துனவதான். ஒம் புருசன் பொறக்கலையா? இந்தப் பிள்ளை பொறந்த ஒடனே சுளகுல போட்டுத் தவிட்டுக்கு வித்துட்டு, நாமளே திருப்பி வாங்கிருவோம். யாரு வீட்டுப் பிள்ளைன்னு எமனுக்கு வெளங்காதுல்லா?”

“அப்போ புதுச் சுளகு வாங்கணுமே, அத்தை.”

“எதுக்குட்டி? ஒம் மடியில கெடக்கே, அது போதாதா? மூணு தடவையும் கூடவே இருந்த சுளகு. கழுவுனாச் சரியாப் போவும்.”

ஆவுடைத்தாய் முற்றத்தில் அமர்ந்து சுளகைக் கழுவினாள். தேயிலைச் சாறுபோன்ற நீர் வடிந்தது. மீண்டும் கழுவினாள். ஏழாம் முறையும் நீரின் நிறம் மாறவில்லை. அப்போது அடிவயிற்றில் ஏதோ மெல்லப் புரண்டது. அதைத் தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டுபோனவள், விரல்களை முகர்ந்தாள். வயிற்றின்மேல் வைக்க அஞ்சிக் கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஈரச் சுளகை மடிக்குக் கொண்டுவராமல் சுவரிற் சாய்த்தாள்.

“அத்தை, இனி நான் பீடி சுத்த மாட்டேன்” என்றாள்.