கடைசிக் கதிரை

“கஸ்பர், எழும்பும். நான் இதில இருக்கப்போறன்.”

ஹோலில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆனால் அகஸ்ரின் மாஸ்ரர் கேட்டதோ கஸ்பர் இருந்த கதிரையை. கடைசி வரிசை, அதிலும் கடைசி மூலை, பின்கதவோடு ஒட்டினபடி.

கஸ்பர் அண்ணாந்து பார்த்தான். “முன்னுக்கு எவ்வளவு இடம் கிடக்கு, மாஸ்ரர்.”

“ஆண்டவர் கடைசி இடத்தில இருக்கச் சொல்லியிருக்கிறார். நீர் பைபிள் வாசிக்கிறேல்லையோ?”

முதலிடத்துக்கு அடிபடுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். கடைசி இடத்தில் இருந்தவனைக் கிளப்பிவிட்டு, அதில் தாழ்மையோடு உட்கார ஒரு அகஸ்ரின் மாஸ்ரர் வேண்டியிருந்தது.

எல்லாம் போன வருசத்துச் செபஸ்தியார் பெருநாளால் வந்த வினை. அன்றைக்கு முன்வரிசையில் சப்பாத்தை நீட்டிக்கொண்டிருந்த மாஸ்ரரை, ஆயர் இல்லத்திலிருந்து வந்த ஒருவருக்கு இடம் வேண்டுமென்று பங்குச் சுவாமி எழுப்பிவிட்டார். தட்டும் கையுமாக அவர் இடம் தேடி அலைந்ததை வீடியோக்காரன் கொஞ்சமும் விடாமல் எடுத்திருந்தான். கசெற் பாரிசில் இருக்கும் தங்கச்சி வீடுவரைக்கும் போய், அவள் டெலிபோனில் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் லூக்கா நற்செய்தி மாஸ்ரருக்கு வெளித்தது. விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் இரு. அழைத்தவன் வந்து, நண்பா, மேலே வா என்பான். எல்லார் முன்னாலும் உனக்கு மகிமை உண்டாகும். ‘கடைசி இடம்’ என்பதை மாஸ்ரர் வாசித்தார். ‘மகிமை’ என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

மார்கழி முழுக்க, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீடு விடாமல், செபக்கூட்டங்களில் தாழ்மையைப் பற்றி முழங்கினார்.

“கூப்பிடுவினம் எண்டு தெரிஞ்சுகொண்டு பின்னுக்கு இருந்தா அது தாழ்மை இல்லை அப்பா, அட்வான்ஸ் புக்கிங்” என்றாள் கம்பஸில் படிக்கிற மகள். அவளுக்கு வாய் கூடிப்போச்சு என்பதோடு அந்த வாதம் முடிந்தது.

பெருநாளுக்கு முதல்நாள் மாஸ்ரர் சுவாமிக்கு டெலிபோன் எடுத்தார். தான் பின்னுக்குத்தான் இருப்பாராம், தன்னைத் தேடிக் கூப்பிட வேண்டாமாம். சுவாமி மறந்துபோவாரோ என்ற பயத்தில், கூப்பிட வேண்டாம் என்பதைச் சொல்ல இரண்டாந்தரமும் எடுத்தார். பின்மூலைக்கு வெளிச்சம் காணுமோ என்று வீடியோக்காரனிடமும் விசாரித்து வைத்தார்.

இதற்குள் குறுக்கே இருந்தது இந்தக் கஸ்பர். எந்தப் பெருநாளுக்கும் அந்த மூலைதான் அவனுக்கு. நழுவிப்போய் சிகரெற் பத்த வசதி என்பது மாஸ்ரரின் தீர்ப்பு. கமிற்றிக் கூட்டங்களிலும் அவன் “உந்தப் பின்கதவு...” என்று ஏதோ தொடங்குவான். ஹோல் வெள்ளைக்காரரின் கோயில் பங்குக்குச் சொந்தம், வாடகைக்கு வாற நாங்கள் குறை சொல்லக்கூடாது, அடுத்த விசயத்துக்குப் போவம் என்று தலைவர் அகஸ்ரின் அவன் வாயை அடைத்துவிடுவார்.

கஸ்பர் எழும்பினான். அவன் முகத்தில் கோபத்தைக் காணோம்.

“சந்தோசம், மாஸ்ரர். ஆனா கதிரையை அங்காலை இங்காலை அரக்காதேங்கோ. நல்லாப் பின்னால சாய்ஞ்சு இருங்கோ.”

இவன் எனக்கு இருக்கப் பழக்குகிறான் என்று மாஸ்ரர் பொருமினார். கஸ்பர் நேரே முன்வரிசைக்குப் போய், ஹீற்றருக்குப் பக்கத்தில் காலை நீட்டினான்.

தைமாதக் குளிர் கதவின் இடுக்கால் வந்து மாஸ்ரரின் முதுகைப் பிடித்தது. மகிமை என்றால் சும்மாவா? பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்மையாகச் சிரித்தார்.

செபம் முடிந்தது. சுவாமி மைக்கை எடுத்தார்.

“எங்கட அகஸ்ரின் மாஸ்ரர் ஏன் அங்கை கடைசியில இருக்கிறார்? மேலே வாங்கோ, மாஸ்ரர்.”

ஹோலே திரும்பிப் பார்த்தது. வீடியோ லைற் முகத்தில் விழுந்தது. மாஸ்ரர் கோட்டை இழுத்துவிட்டு, எழும்பினார்.

கதிரையையும் தள்ளிக்கொண்டு படாரென்று கதவு திறந்தது. கார்கள் நிற்கிற வெளியிலிருந்து காற்றும் பனியும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. பேப்பர்த் தட்டுகள் பறந்தன. செபஸ்தியாருக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரிகள் நூர்ந்தன. கைக்குழந்தைகளோடு தாய்மார் இருந்ததும் அந்தப் பின்வரிசையில்தான். குழந்தைகள் வீரிட்டன.

“அங்கிள், இருங்கோ” என்றாள் புனிதவதி, பிள்ளையைச் சால்வைக்குள் பொத்தியபடி. “அந்தப் பூட்டு பிடிக்கிறேல்லை. ஆரும் சாய்ஞ்சு இருந்தாத்தான் கதவு நிக்கும்.”

மாஸ்ரர் கதவைத் தள்ளிச் சாத்தினார். கையை எடுத்ததும் அது மறுபடி வாயைப் பிளந்தது. கதிரையைப் போட்டு, அதில் இருந்து, சாய்ந்தார். கதவு நின்றது.

“மாஸ்ரர்?” சுவாமி விடவில்லை.

முன்னுக்கு மகிமை. பின்னுக்குக் கதவு. பக்கத்தில் புனிதவதியின் பிள்ளை இருமியது.

“வேண்டாம், சுவாமி.” மாஸ்ரர் கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்தார். “எனக்கு இந்த இடம் போதும்.”

ஹோல் அதிரக் கைதட்டு. தாழ்மை என்றால் இதுவல்லோ என்று சுவாமி மைக்கில் உருகினார். யாரோ கண்ணைத் துடைத்தார்கள். வீடியோக்காரன் கிட்ட ஓடிவந்து முகத்தை எடுத்தான். மாஸ்ரர், தன் வாழ்நாளில் முதற்தடவையாக, லைற்றுக்கு முகம் கொடுக்காமல் குனிந்துகொண்டார்.

சத்தம் அடங்கினபிறகு கஸ்பர் வந்தான். ஒரு கையில் மாஸ்ரருக்கு றோல்ஸ் வைத்த தட்டு, மற்றக் கையில் தன்னுடைய தடித்த ஜக்கெற். ஜக்கெற்றை அவர் முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் செருகிவிட்டான்.

“மூண்டு பெருநாளா உந்தக் கதவுக்கு நான்தான் முதுகு குடுத்தனான், மாஸ்ரர்” என்றான். “ஒருத்தரும் கை தட்டேல்லை.”