தடியை ஓங்கியவன்

"அடிடா, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று நூற்றுவர் தலைவன் உறும, தீதியஸ் தடியை ஓங்கினான். காலடியில் மண்டியிட்டிருந்தவன் வீபியஸ். ஒரே கூடாரத்தில் ஆறு வருஷம் பக்கத்தில் படுத்தவன். ரோமாபுரிப் படையின் வழக்கம் அது. குன்றைக் காக்காமல் ஓடிவந்த பிரிவில் பத்துக்கு ஒருவன் சீட்டுக் குலுக்கலில் சாக வேண்டும். அவனை மற்ற ஒன்பது பேரும்தான் அடித்துக் கொல்ல வேண்டும். பிழைத்தவர்களுக்கு இனிக் கோதுமை கிடையாது, குதிரைக்குப் போடுகிற பார்லிதான்.

'கழுகுக் கொடி பறிபோச்சு, ஓடுங்க' என்று பொய்யாகக் கத்தியவனைக் காட்டிக்கொடுத்தால் மற்ற எல்லோரையும் விட்டுவிடுவதாகத் தளபதி காலையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ஏன்டா அடிக்கல?" என்று வீபியஸ் தலை நிமிராமல் கேட்டான். "முதல் அடிய நீயே நல்லா போட்டுடு. இந்தப் பயலுங்க அடிச்சா சாயங்காலம் வரைக்கும் இழுத்துக்கிட்டு கிடப்பேன்."

"பேசாதடா" என்றான் தீதியஸ்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு." வீபியஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குன்றுல கத்தினது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்."